எஞ்சின் மிஸ்ஃபயரும் யாழ்ப்பாணத்து மண்ணெண்ணெய்க் கார்களும்

காங்கேசன்துறை வீதியில் இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் நடுவே இருக்கிறது மருதனார்மடம். ஆஞ்சநேயர் கோயிலும் சந்தையும் இராமநாதன் கல்லூரியும் அருகருகே உள்ள ஊர். 1990களின் முதற்பாதியில் இந்த வீதியால் போன ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் கார்களின் வரவைக் கண்ணுக்கு முன்பே மூக்கு அறிந்தது. அவற்றில் பல மண்ணெண்ணெயில் ஓடின. ஓடியதைவிட அதிகமாக 'மிஸ்' அடித்தன.

நான்கு சிலிண்டர்களில் ஒன்றில் காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவை எரியாமலோ அரைகுறையாக எரிந்தோ போவதே மிஸ்ஃபயர். எஞ்சின் உதறும், இழுவை குறையும், சைலன்சரில் 'படக், படக்' என்று சத்தம் கேட்கும். தீப்பொறி, எரிபொருள், அமுக்கம் என்ற மூன்றில் ஏதோ ஒன்று உரிய நேரத்தில் அந்தச் சிலிண்டருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல், பற்றரி, வாகன உதிரிப்பாகங்கள் எல்லாம் அதில் அடக்கம். மண்ணெண்ணெய் மட்டும், அதுவும் கொள்ளை விலைக்கு, ஓரளவு கிடைத்தது. பெற்றோல் −40 பாகை செல்சியசிலும் தீப்பற்றக்கூடிய ஆவியைத் தரும். மண்ணெண்ணெய்க்கு ஏறத்தாழ 38 பாகையாவது வேண்டும். ஆகவே குளிர்ந்த எஞ்சினில் அது துளியாகவே நிற்கும், எரியாது. இதற்குக் கண்ட வழி, கார்பரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பிச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு விடுவது. தோட்டங்களில் நீர் இறைக்கும் மெஷின்களை இப்படித்தான் பல காலமாக இயக்கினார்கள். பிரித்தானியாவின் ஃபெர்குசன் டிஇடி20 உழவு இயந்திரம் 1949 முதல் இதே முறையில்தான் ஓடியது. ஆனால் அதன் எஞ்சின் அதற்கென்றே குறைந்த அமுக்கத்தில் செய்யப்பட்டது. ஒஸ்ரினுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அதனால் பிளக் ஓயாமல் கரி பிடித்தது. புதிது வாங்க வழியில்லாத இடத்தில் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டுவதுதான் வைத்தியம். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சின் ஒயிலில் கலந்தது. ஒயில் அளக்கும் கம்பியில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறினால், அது மகிழ வேண்டிய செய்தி அல்ல: ஒயில் நீர்த்துவிட்டது, பேரிங் தேயப்போகிறது.

பழைய காரில் பழுதான சிலிண்டரை வீட்டு முற்றத்திலேயே கண்டுபிடிக்கலாம். எஞ்சின் மெதுவாக ஓடும்போது, மின்காப்பிட்ட குறடால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கழற்றியதும் சத்தம் இன்னும் தளர்ந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. எந்த மாற்றமும் இல்லாவிட்டால் சோம்பேறி அதுதான். அதன் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பூட்டும்போது கோளாறும் கூடவே போனால், குற்றம் பிளக்கில். பிளக்கின் நுனி இளம் பழுப்பு என்றால் நலம். உலர்ந்த கரி என்றால் எரிபொருள் மிகுதி. ஈரம் என்றால் தீப்பொறி இல்லை. இந்தக் கார்களில் பிளக் இடைவெளி சுமார் 0.025 அங்குலம், தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பகிரும் டிஸ்ரிபியூட்டருக்குள் உள்ள பொயின்ற் இடைவெளி சுமார் 0.015 அங்குலம். மாரி காலத்தில் டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோர்ப்பதும் அடிக்கடி நடப்பது. இருட்டில் பொனற்றைத் திறந்து பார்த்தால், வெடித்த வயரில் நீலப் பொறி ஓடுவது தெரியும்.

பிளக்கும் வயரும் சரியாக இருந்தும் எஞ்சின் உதறினால் அமுக்கத்தை அளக்க வேண்டும். அளவு குறைந்த சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளக்கும்போது ஏறினால் வளையம் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. இதற்கு மேல் முற்றத்தில் செய்ய ஒன்றுமில்லை, கராஜுக்குத்தான் போக வேண்டும்.

2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்குடன் இணைக்கும் ஏ9 வீதி திறந்து, 2009க்குப் பின் ஜப்பானியக் கார்கள் பெருகின. வாகன்ஆர், ஆல்டோ போன்ற மூன்று சிலிண்டர் எஞ்சின்களில் ஒன்று ஓய்ந்தாலே மூன்றிலொரு பங்கு வலு போய்விடும். உதறல் ஸ்ரியரிங் வரை வரும். இவற்றில் பல வகைகளில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் கொயில் உண்டு. ஓடும் எஞ்சினில் அதைக் கழற்றிப் பார்ப்பது ஆளுக்கும் ஆபத்து, கணினிக்கும் ஆபத்து. கணினியில் பதிவான கோளாறுக் குறியீட்டை வாசிக்கும் மலிவான ஸ்கானர் ஒன்றே போதும். பி0300 என்றால் சிலிண்டர் மாறி மாறி வரும் மிஸ்ஃபயர், பி0302 என்றால் இரண்டாம் சிலிண்டர். எஞ்சினை நிறுத்தி, இரண்டாவதன் கொயிலை மூன்றாவதில் பூட்டி ஓட்டிய பின் குறியீடு பி0303 ஆக மாறினால் கொயிலை மாற்றினால் சரி. அக்வா போன்ற ஹைபிரிட்டுகளில் செம்மஞ்சள் வயர்களைத் தொடவே கூடாது.

எஞ்சின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னினால் காரை உடனே ஓரங்கட்ட வேண்டும். எரியாத பெற்றோல் புகைக்குழாயில் உள்ள கற்றலிட்டிக் கன்வேர்ட்டரில் எரிந்து அதை உருக்கிவிடும். அதன் விலை பிளக்குகளின் விலையைப் போலப் பல மடங்கு.