பொறி தாண்டும் இடைவெளி

நேயர்களே, பால்மரத் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் கிளம்ப மறுத்தால் நம் பெரியவர்கள் முதலில் கழற்றியது பிளக்கைத்தான். மணல்தாளில் தேய்த்து, கண்ணளவில் இடைவெளி பார்த்து மாட்டுவார்கள், வண்டியும் உறுமும். டர்போ காருக்கு அந்தக் கண்ணளவு போதாது.

1902இல் போஷ் நிறுவனத்தின் கோட்லோப் ஹோனோல்ட் உயர் மின்னழுத்தப் பிளக்கை ஆக்கினார். காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவுக்கு 1905இல் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூஹி காப்புரிமை பெற்றார். அமெரிக்கக் கார்களில் அது 1962இல் விற்பனைக்கு வந்தது. நம் பேராக்கில், தஞ்சோங் மாலிம் ஆலையின் புரோட்டோன் பிரிவே 2012இல் டர்போவுடன் வெளிவந்தது.

காற்றின் அழுத்தம் கூடினால் பொறி தாண்டுவது கடினம் என்பதை 1889இலேயே ஜெர்மானியர் பாஷன் அளந்து காட்டிவிட்டார். டர்போவோ காற்றைத் திணிக்கிறது. ஆகவே சாதாரண எஞ்சினில் 1 மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளி, டர்போவில் பெரும்பாலும் 0.7, 0.8 எனக் குறுகுகிறது.

நம் பழைய மாணவர் ஒருவர் ஈப்போவில் பழைய டர்போ கார் வாங்கினார். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலை ஏறுகையில் வண்டி இடறியது. ஒரு பட்டறையில் எஞ்சினையே பிரிக்க வேண்டுமென்றார்கள். செலவு இரண்டு மாதச் சம்பளம்! நாம் பிளக்கைக் கழற்றி அளந்தோம்: 1.1. கையேட்டின் அளவில் புதியவை மாட்டியதும் இடறல் நின்றது.

வாங்கும்போது எண்ணையும் கவனியுங்கள். டர்போவுக்கு வெப்பத்தை விரைந்து கடத்தும் 'குளிர்ந்த' வகையே பெரும்பாலும் ஏற்றது. என்.ஜி.கே.யில் எண் கூடினால் குளிர்ந்தது, போஷில் நேர்மாறு. விசித்திரந்தான்! மெல்லிய இரிடியம் முனையில் மணல்தாளே படக்கூடாது. வெளிக் கொக்கியை மட்டும் மெல்ல வளைக்கலாம்.