நீல விளக்கும் வெற்று அலமாரியும்

ஐந்து சென்ட், பத்து சென்ட் சாமான்கள் விற்றே அமெரிக்கா முழுக்கக் கடை பரப்பிய செபாஸ்டியன் கிரெஸ்கியைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த நிறுவனத்தின் அடுத்த அத்தியாயத்தை எழுதியவர் ஹாரி கனிங்காம். கார் வாங்கிய குடும்பங்கள் புறநகருக்குக் குடிபோவதைக் கவனித்த அவர், கடையும் பின்னாலேயே போக வேண்டும் என்றார். 1962 மார்ச்சில் மிச்சிகனின் கார்டன் சிட்டியில் முதல் கே மார்ட் திறந்தது. டார்கெட்டும் வால்மார்ட்டும் பிறந்தது அதே ஆண்டில்தான். மூன்றில் கிடுகிடுவென வளர்ந்தது கே மார்ட். 1976-ல் மட்டும் 271 கடைகள் திறந்தார்கள். மறு ஆண்டு கிரெஸ்கி என்ற பெயரையே விட்டுவிட்டு, நிறுவனம் கே மார்ட் ஆனது.

அந்தக் கடைகளின் அடையாளம் நீல விளக்கு. 1965-ல் இண்டியானாவில் ஒரு கடை மேலாளர் கண்டுபிடித்த உத்தி அது. சக்கர வண்டியில் நட்ட கம்பம், அதன் உச்சியில் போலீஸ் காரில் சுழல்வது போன்ற விளக்கு. தேங்கிய சரக்கு இருக்கும் பக்கம் ஊழியர் அதைத் தள்ளிக்கொண்டு போவார். விளக்கு சுழலும், ஒலிபெருக்கி அழைக்கும். அடுத்த சில நிமிடங்களுக்கு அந்தப் பொருள் அடிமாட்டு விலை. ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு வருவார்கள்.

சறுக்கல் 1980-களில் தொடங்கியது. கையில் புரண்ட பணத்தைப் புத்தகக் கடை, விளையாட்டுச் சாமான் கடை, அலுவலகப் பொருள் கடை என்று வேறு நிறுவனங்களை வாங்குவதில் கே மார்ட் இறைத்தது. வால்மார்ட்டோ கிடங்குகளிலும் கணினியிலும் போட்டது. 1987-ல் தன் கடைகளைச் செயற்கைக்கோள் வழியே இணைத்தது. எந்த ஊரில் எது தீர்ந்தது என்பது தலைமையகத்துக்கு உடனுக்குடன் தெரிந்தது. கே மார்ட்டில் விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்கள் வெற்று அலமாரியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். 1990 வாக்கில் விற்பனையில் வால்மார்ட் முந்திவிட்டது.

2001-ல் வால்மார்ட்டுடன் விலைப்போரில் இறங்கியது கே மார்ட். அதே வேகத்தில் விளம்பரச் செலவையும் வெட்டியதால் கூட்டம் குறைந்தது. 2002 ஜனவரியில், பாக்கி வராததால், மளிகை அனுப்பிவந்த பிளெமிங் நிறுவனம் சரக்கை நிறுத்தியது. ஜனவரி 22 அன்று கே மார்ட் திவால் மனு போட்டது. அப்போது கடைகள் 2,100-க்கும் மேல். அடுத்த ஓராண்டுக்குள் இரண்டு தவணையாகச் சுமார் 600 கடைகளை மூட முடிவானது. பல்லாயிரம் பேருக்கு வேலை போனது.

மீட்க வந்தவர் முதலீட்டாளர் எட்வர்ட் லாம்பர்ட். 2005-ல் கே மார்ட்டையும் சியர்ஸையும் ஒன்றாக்கினார். கடைகளைப் புதுப்பிக்கப் போதிய பணம் வரவில்லை. 2015-ல் இரண்டு பெயரிலும் இருந்த 235 இடங்கள் செரிடேஜ் என்ற நில நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. நேற்று வரை சொந்த இடத்தில் வியாபாரம் செய்த கடைகள் அங்கேயே வாடகைக்கு உட்கார்ந்தன. 2018-ல் மறுபடி திவால். 2024 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் பிரிட்ஜ்ஹாம்ப்டனில், அமெரிக்கப் பெருநிலத்தின் கடைசி முழு அளவு கே மார்ட்டும் மூடப்பட்டது.

வால்மார்ட்டும் அமேசானும் விழுங்கிவிட்டன என்பது பாதி உண்மைதான். அதே ஆண்டில் பிறந்து, அதே போட்டியைச் சந்தித்த டார்கெட் இன்றும் நிற்கிறது. கே மார்ட்டின் லாபம் கடைக்குத் திரும்பவில்லை. முதலில் அது வேறு நிறுவனங்களை வாங்கப் போனது, பிறகு முதலாளியின் கண் மனையின் மதிப்பிலேயே நின்றது. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் கல்லாவிலும் கிடங்கிலும் காலமெல்லாம் உழைத்தவர்கள்.

லாம்பர்ட் கையில் கே மார்ட்டோடு சேர்ந்தே சரிந்த சியர்ஸ், ஒரு காலத்தில் தபாலில் வீட்டையே விற்ற நிறுவனம். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)