சாட்சிக் கூண்டில் ஏறாத சாட்சி

மாமல்லபுரம் போகிறவர்கள் தவம் செய்யும் பூனையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. பெரிய பாறைச் சிற்பத்தில், யானையின் பக்கத்தில், முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அது நிற்கிறது. சுற்றிலும் எலிகள். கள்ளத் தவசிக்குக் கல்லிலே இடம் கொடுத்த பல்லவ நாடு, வீட்டுக் காவலனான நாய்க்கு என்ன கொடுத்தது என்று கேட்கலாம் அல்லவா? அதற்கு மாமல்லனுடைய தகப்பனார் காலத்துக்குப் போக வேண்டும்.

மகேந்திரவர்மனுடைய 34-வது ஆட்சியாண்டு. திருவண்ணாமலைப் பக்கத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் எருமை மந்தைக்காக நடந்த சண்டையில் கருந்தேவகத்தி என்ற வீரன் மாண்டான். அவனுக்கு எடுத்த நடுகல்லில் அவன் பக்கத்தில் ஒரு நாயும் இருக்கிறது. அதன் பெயர் கோவிவன். திருடர் இருவரைக் கடித்துவிட்டுக் காவல் நின்றதாம். கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனையோ சிற்றரசர்களின் பெயர் மறைந்து போயிற்று. இந்த நாயின் பெயர் 1,300 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது!

கோவிவன் திருடனை நேரில் கண்டது, கடித்தது. அதில் வழக்குக்கு இடமில்லை. குற்றவாளி போன பிறகு, அவன் விட்டுச் சென்ற வாசனையை வைத்து நாயிடம் விசாரிக்கும்போதுதான் வம்பு வருகிறது. அதிலும் தீ வைத்த குற்றம் என்றால் கேட்கவே வேண்டாம்.

செங்கல்பட்டுச் சீமைக்குத் தீ புதிதல்ல. 1780-ல் ஹைதர் அலியின் குதிரைப்படை ஊர்களைக் கொளுத்திக்கொண்டு வந்தபோது அந்தப் புகை பரங்கிமலை வரையில் தெரிந்தது. அந்தத் தீயை வைத்தது யார் என்று கண்டுபிடிக்க நாய் எதுவும் தேவைப்படவில்லை. நான் சொல்ல வந்தது சின்னத் தீயைப் பற்றி.

பல வருஷங்களுக்கு முன், மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே ஒரு மீனவர் குப்பத்தில் சில குடிசைகள் எரிந்து போயின. மறுநாள் போலீஸ் நாய் வந்தது. கருகிய கீற்றை முகர்ந்தது, மணலில் ஓடிற்று, ஒரு வீட்டு வாசலில் போய்ப் படுத்துக்கொண்டது. அவ்வளவுதான், குப்பம் முழுவதும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்த வீட்டுப் பையன் முதல் நாள்தான் வலை விஷயமாகச் சண்டை போட்டிருந்தான்.

"நாய் பொய் சொல்லுமா சாமி?" என்று ஒரு கிழவர் என்னைக் கேட்டார்.

சொல்லாதுதான். ஆனால் நாய் சொன்னது என்ன? பையனுடைய வாசனை எரிந்த குடிசையில் இருக்கிறது என்பது மட்டுந்தானே? தீப்பிடித்ததும் முதலில் ஓடிப்போய் உள்ளே இருந்த வலையை இழுத்துப் போட்டவனே அவன்தான் என்று அவன் தாயார் அழுதுகொண்டே சொன்னாள். அந்த அழுகைக்கு நடுவிலும், வெயிலில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்த அந்த நாய்க்கு ஒரு சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வேறு சாட்சி இல்லாததால் பையனை விட்டுவிட்டார்கள். ஊரார் வாய் மட்டும் விடவில்லை.

மனித வாசனையைப் பின்தொடரும் நாய் வேறு. தீ விபத்துக்கென்று பழக்கிய நாய் வேறு. இரண்டாவது வகை தேடுவது ஆளை அல்ல. பெட்ரோல், மண்ணெண்ணெய் போன்றவற்றின் மிச்சத்தை. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலப் போலீஸார் 1986-ல் மேட்டி என்ற கறுப்பு லாப்ரடார் நாயை இந்த வேலையில் இறக்கினார்கள். பழக்கும் முறை எளியது, கொஞ்சம் கொடுமையும்கூட. எண்ணெய் வாசனையைக் கண்டுபிடித்து உட்கார்ந்தால்தான் சாப்பாடு! எவ்வளவு பெரிய தீயிலும், தரை விரிசலுக்குள் இறங்கிய எண்ணெயில் ஒரு துளி தப்பிவிடுவதுண்டு. சாம்பல் மேட்டில் எந்த இடத்து மண்ணை எடுத்துச் சோதிக்கலாம் என்று நாய் காட்டிக் கொடுக்கிறது. உண்டு, இல்லை என்று சொல்ல வேண்டியது ரசாயன சாலை.

இதை மறந்துபோனால் விபரீதந்தான். ஜார்ஜியா மாநிலத்தில், வீட்டுக்குத் தீ வைத்து மனைவியைக் கொன்றதாக ஒருவருக்குத் தண்டனை கிடைத்தது. நாய் 'உண்டு' என்று உட்கார்ந்த இடங்களின் மாதிரிகளில் ரசாயன சோதனை எண்ணெய் எதையும் காணவில்லை. ஆனாலும் நாயின் சாட்சியை ஜூரிகள் முன் வைத்தார்கள். 1997-ல் அந்த மாநிலத்து உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. எரிந்த பிளாஸ்டிக்கும் விரிப்பும் எண்ணெயின் உறவினர் போலவே மணக்கக் கூடியவை. நாயை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

நம் நாட்டு நீதிபதிகள் இதற்கு வெகு காலம் முன்பே விழித்துக்கொண்டார்கள். சென்னையில் போலீஸ் நாய்ப்படை 1951-ல் ஏற்பட்டது. 1969-ல் மகாராஷ்டிரத்து ரயில் கவிழ்ப்பு வழக்கொன்று சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தபோது, நாய்ச் சாட்சியத்துக்கு எதிரான ஆட்சேபங்களைக் கோர்ட்டார் எடுத்துக் கூறினார்கள். நாய் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லாது. அதைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அதற்காகப் பேசுகிற போலீஸ்காரர் சொல்வதோ கேள்விச் சாட்சியம். ஒரு மனிதனின் உயிரும் சுதந்திரமும் நாயின் அனுமானத்தில் தொங்கக் கூடாது. 2001-லும் 2008-லும் வந்த தீர்ப்புகளும் இதே போக்கில்தான் போயின.

தண்டனையும் லேசானதல்ல. வீட்டுக்குத் தீ வைத்தால் பழைய பீனல் கோடு 436-வது பிரிவின்படி ஆயுள் தண்டனை வரையில் போகலாம். 2024 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தின் 326-வது பிரிவும் அப்படியே சொல்கிறது.

மேட்டியைப் போன்ற நாயே நம் குப்பத்துக்கு வந்திருந்தாலும் என்ன கண்டுபிடித்திருக்கும்? மண்ணெண்ணெய் இருக்கிறது என்று ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்திருக்கும்! அடுப்பிலும் விளக்கிலும் அதுதானே எரிந்தது? கேட்க வேண்டிய கேள்வி எண்ணெய் இருந்ததா என்பதல்ல. எங்கே இருந்தது என்பது. அடுப்படியிலா, வெளிச்சுவரின் அடியிலா? இரண்டு இடத்து மண்ணையும், தீப்படாத இடத்து மண்ணையும் எடுத்து, காற்றுப் புகாத தகர டப்பாவில் தனித்தனியே அடைக்க வேண்டும். சாதாரணப் பிளாஸ்டிக் பையில் போட்டால் ஆவி கசிந்து போய்விடும். சென்னையில் 1849-லேயே அரசாங்க ரசாயனப் பரிசோதனைச் சாலை இருந்தது. மாமல்லபுரத்திலிருந்து அது ஒன்றும் காத தூரம் அல்ல.

அந்தக் குப்பத்தில் அன்று யாரும் டப்பா எடுத்து வந்ததாக எனக்கு நினைவில்லை. நாயை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சாயங்காலத்துக்குள் பெண்கள் சாம்பலைக் கூட்டி அள்ளிக் கடலோரத்தில் கொட்டிவிட்டு, புதுக் கீற்று வாங்கப் பணம் தேடிப் புறப்பட்டார்கள்.