பிளஸ் டூவில் கால்குலேட்டர் ஓகே, 'கீம்' தேர்வில் கூடாது: மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

கேரளாவில் பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதும் மாணவர் கால்குலேட்டர் கொண்டு போகலாம். அதே மாணவர் அடுத்து பொறியியல் சேர்க்கைக்கான 'கீம்' தேர்வுக்குப் போகும்போது அதை வெளியிலேயே வைத்துவிட வேண்டும். "ஸ்கூல்ல விட்டாங்களே, இங்க ஏன் விடல?" என்ற கேள்வி எழுவது இதனால்தான்.

பிளஸ் டூ விதி என்ன?

'நான்-புரோகிராமபிள்' கால்குலேட்டரைத் தவிர வேறு மின்னணுச் சாதனங்களுக்கு அனுமதி இல்லை என்று கேரள மேல்நிலைத் தேர்வு வினாத்தாளின் முதல் பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதாவது, சூத்திரங்களையும் குறிப்புகளையும் சேமித்து வைக்க முடியாத வகைக்கு மட்டுமே அனுமதி.

கீம் தேர்வில்?

திருவனந்தபுரத்தில் உள்ள நுழைவுத் தேர்வு ஆணையர் அலுவலகம் நடத்தும் இந்தத் தேர்வு, 2024 முதல் கணினி வழியில் நடக்கிறது. பொறியியல் தேர்வில் 180 நிமிடங்களில் 150 கேள்விகள். கணிதம் 75, இயற்பியல் 45, வேதியியல் 30. ஒரு கேள்விக்குக் கிடைப்பது 72 விநாடிதான். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறினால் 1 மதிப்பெண் போய்விடும். கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை.

ஜேஇஇ, நீட் தேர்வுகளில்?

இரண்டிலுமே கிடையாது. ஜேஇஇ மெயினில் லாக் டேபிள், கால்குலேட்டர் வசதியுள்ள கடிகாரம்கூடக் கூடாது. 2026 தேர்வுக்கான கையேட்டில் 'திரையில் கால்குலேட்டர்' என்று ஒரு வரி இடம்பெற்றதால் குழப்பம் ஏற்பட்டது. அந்த வசதி ஜேஇஇ மெயினுக்குப் பொருந்தாது என்று தேசிய தேர்வு முகமை பின்னர் விளக்கம் அளித்தது.

தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியல் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நடப்பதால், அங்குள்ள மாணவர்கள் இந்தத் தடையைப் பெரும்பாலும் ஜேஇஇ, நீட் எழுதும்போதுதான் சந்திக்கிறார்கள்.

எங்கெல்லாம் அனுமதி உண்டு?

எம்.டெக். சேர்க்கைக்கான 'கேட்' தேர்வில் திரையிலேயே சயின்டிஃபிக் கால்குலேட்டர் இருக்கும். ஐஐஎம்களுக்கான சிஏடி தேர்வில் சாதாரண கால்குலேட்டர் திரையில் வரும். சொந்தக் கருவியை இரண்டிலும் கொண்டு போக முடியாது. அமெரிக்கக் கல்லூரிகளுக்கான எஸ்ஏடி தேர்விலோ கணிதப் பகுதி முழுக்கவே கால்குலேட்டர் பயன்படுத்தலாம்.

எல்லோருக்கும் திரையில் ஒரே கருவி கிடைத்தால், யாரிடம் விலை உயர்ந்தது இருக்கிறது, யார் அதில் குறிப்புகளைச் சேமித்திருக்கிறார் என்ற பிரச்னைக்கே இடமில்லை.

எப்படித் தயாராவது?

பிளஸ் ஒன்னிலிருந்தே நுழைவுத் தேர்வுக் கணக்குகளைக் கையால் போட்டுப் பழகுங்கள். √2 = 1.414, √3 = 1.732, லாக் 2 = 0.301 போன்ற மதிப்புகள் மனதில் இருக்கட்டும்.

விடைகளுக்கு இடையிலான இடைவெளியைப் பார்த்து, தோராயம் போதுமா என்று முடிவு செய்யுங்கள். உதாரணமாக, 45 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொட எவ்வளவு நேரம்? ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால் 3 விநாடி. 9.8 என்று வைத்தால் ஏறக்குறைய 3.03. விடைகள் 2, 3, 4 என்று இருந்தால் தசமக் கணக்கே தேவையில்லை.

தேர்வுக்கு முந்தைய இரவு ஹால் டிக்கெட்டில் உள்ள தடைப் பட்டியலை ஒருமுறை படியுங்கள். பிளஸ் டூ தேர்வுக்குக் கொண்டுபோன பவுச்சை அப்படியே எடுத்துட்டுப் போயிடாதீங்க. உள்ளே அந்தக் கால்குலேட்டர் இருக்கலாம்.