அமெரிக்க நெடுஞ்சாலைப் பாலங்களில் தரப்படுத்திய வடிவமைப்பு: ஒரு நூற்றாண்டு வளர்ச்சி

பழைய பாலத்தை இடித்துவிட்டு, முன்பே வரைந்து வைத்த வடிவமைப்பில் புதியதைக் கட்டுவது விரைவுக்காகக் கண்டறியப்பட்ட அண்மைக்கால உத்தி என்று கருதப்படுகிறது. ஆனால் அமெரிக்காவில் இது முறைகேட்டைத் தடுக்கும் வழியாகவே வேரூன்றியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயோவா மாநிலத்தில் பாலங்கள் கவுண்டி நிர்வாகங்களின் பொறுப்பில் இருந்தன. பாலக் கம்பெனிகளே வரைபடமும் தந்து, விலையும் சொல்லின. சரிபார்க்கப் பொறியாளர் இல்லாத நிர்வாகங்கள் கேட்ட விலையைக் கொடுத்தன. 1913இல் வந்த சட்டம், மாநில நெடுஞ்சாலை ஆணையத்தின் பொது வரைபடங்களைக் கவுண்டிகள் பயன்படுத்த வழிசெய்தது. எல்லா ஒப்பந்ததாரர்களும் ஒரே வரைபடத்துக்கு விலைப்புள்ளி தரவே, விலைகளை ஒப்பிட முடிந்தது. தரப்படுத்தலின் முதற்பயன் இந்த ஒப்பீடுதான் என்பது என் துணிபு. அயோவா ஆணையத்தை வழிநடத்திய தாமஸ் மெக்டொனால்டு 1919இல் கூட்டாட்சி அரசின் சாலைத் துறைத் தலைவராகி, 1953 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

அடுத்த கட்டத்தில் தரப்படுத்தல் முழுப் பாலத்திலிருந்து உத்தரத்துக்கு மாறியது. பெல்ஜியப் பொறியாளர் குஸ்தாவ் மாக்னெல் வடிவமைத்த பிலடெல்பியாவின் வால்நட் லேன் பாலம், 160 அடி நடுக்கண்ணுடன், முன்தகைவுக் கான்கிரீட் (இழுத்துக் கட்டிய கம்பிகளால் முன்கூட்டியே அழுத்தப்பட்ட கான்கிரீட்) அந்நாட்டில் காலூன்ற உதவியது. 1956இல் மாநிலங்களிடை நெடுஞ்சாலைச் சட்டம் வந்தபின் பாலங்களின் தேவை பெருகியது. 1950களின் பிற்பகுதியில் உத்தரங்களின் குறுக்குவெட்டு வடிவங்கள் நாடு முழுவதற்கும் பொதுவாக வகுக்கப்பட்டன. ஆலையில் உருக்குக் கம்பிகளை இழுத்துக் கட்டி, அச்சில் கான்கிரீட் ஊற்றி, இறுகியதும் கம்பிமுனைகளை வெட்டுவார்கள். அதே அச்சில் அடுத்த உத்தரம் வார்க்கப்படும்.

அக்காலத்தில் கட்டிய பாலங்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் மூப்படைந்தன. பனியுருக்க இடும் உப்பு தளக் கம்பிகளை அரித்தது. அவற்றுக்கும் முற்பட்ட, ஒஹையோ ஆற்றின் சில்வர் பாலம் 1967 டிசம்பர் 15 அன்று இடிந்து 46 பேர் இறந்தனர். 1928இல் கட்டிய அந்தப் பாலம் விழுந்த பிறகுதான், 1971இல் தேசிய ஆய்வு விதிகள் நடைமுறைக்கு வந்தன. எந்தப் பாலம் எந்த நிலையில் இருக்கிறது என்ற கணக்கு கையில் கிடைத்தது.

மூப்படைந்த பாலங்களை மாற்றும் பணியில் பெரிய இடர் போக்குவரத்து. மாசசூசெட்ஸின் மெட்ஃபோர்டில் ஐ-93 சாலையிலுள்ள ஒரு பாலத் தளத்தில் 2010 ஆகஸ்டில் ஓட்டை விழுந்தது. மறு ஆண்டு கோடையில் அங்கு 14 பாலங்களின் மேற்கட்டுமானம் வாரயிறுதிகளில் மாற்றப்பட்டது. வெள்ளி இரவு சாலையை மூடிப் பழைய தளத்தை அறுத்து எடுத்தார்கள். உருக்கு உத்தரங்களோடு தளமும் சேர்த்து வார்த்த பகுதிகளைக் கிரேன் தூக்கி வைத்தது. இடைவெளிகளில் விரைவாக இறுகும் கான்கிரீட்டை ஊற்றி, திங்கள் காலை வண்டிகளை விட்டார்கள். தரப்படுத்தலின் நுட்பம் இப்போது உத்தரத்தைக் கடந்து இணைப்புக்கு வந்திருந்தது. பகுதிகள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், இணைப்பில் நீர் கசிந்தால் உப்பு மீண்டும் உள்ளே இறங்கும்.

பல பாலங்களைத் தொகுத்துக் கையாளும் முறையும் வந்தது. மிசௌரி மாநிலம் 802 பாலங்களை ஒரே திட்டமாக எடுத்து 2012இல் முடித்தது. பென்சில்வேனியா 558 பாலங்களை ஒரே ஒப்பந்தத்தில் தனியார் கூட்டமைப்பிடம் ஒப்படைத்து, கட்டியபின் 25 ஆண்டுப் பராமரிப்பையும் அதன் பொறுப்பாக்கியது. ஒத்த அளவுப் பாலங்கள் ஒன்றுசேரும்போது ஆலை வார்ப்பு மலிவாகிறது.

மண் மட்டும் இந்த ஒழுங்குக்கு எளிதில் வசப்படுவதில்லை. மெட்ஃபோர்டில் பழைய தூண்களை அப்படியே விட்டுவிட்டு மேலே உள்ளதைத்தான் மாற்றினார்கள். அயோவாவின் கெக் கிரீக் பாலத்தில் 2011இல் தூண்களும் அவற்றின் தலைவிட்டங்களும் முன்வார்ப்பாகவே வந்தன. அடித்தளத்துக்கோ, பழைய பாலத்தில் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கையிலேயே, அதன் விளிம்புக்கு வெளியே மண்ணைத் துளைத்து அங்கேயே கான்கிரீட் நிரப்ப வேண்டியிருந்தது.