பூண்டும் கீழாநெல்லியும்: நாட்டு மருந்தைச் சோதித்த இரண்டு வரலாறுகள்



யோங் பெங் பட்டணத்தின் சீன மருந்துக் கடைகளை நினைத்துப் பாருங்கள். இழுப்பறைகளில் வேர், பட்டை, காய்ந்த பூ. நம் வீட்டுப் பாட்டியோ, "வயிறு சரியில்லையா? பூண்டைப் பால்ல வேகவெச்சுக் குடி" என்பார். இரண்டுமே பல தலைமுறை அனுபவம். சரி, அந்த அனுபவம் உண்மைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு.

புற்றுக்கு முந்திய படிகள்

இரைப்பைப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. முதலில் இரைப்பையின் உட்சுவரில் நாள்பட்ட அழற்சி உண்டாகிறது. பிறகு சுவர் மெலிகிறது. குடலில் இருக்க வேண்டிய வகைச் செல்கள் அங்கே தோன்றுகின்றன. அதன்பின் செல்களின் அமைப்பே குலைகிறது. கடைசிப் படிதான் புற்று. இதற்குப் பல ஆண்டுகள் ஆகும். பெரும்பாலோர் கடைசிப் படி வரை போவதே இல்லை.

இதைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 1982-இல் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் இதை வளர்த்துக் காட்டினார்கள். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கேதான் ஒரு சிக்கல். இந்தப் படிகளில் சில, மருந்தே இல்லாமலும் சிலருக்குப் பின்வாங்கும். ஆகவே "மருந்து சாப்பிட்டேன், சரியாப் போச்சு" என்ற பேச்சு சான்றாகாது. மருந்து சாப்பிடாத இன்னொரு குழுவோடு ஒப்பிட வேண்டும்.

லின்ச்சூவில் நடந்தது

சீனாவின் ஷாண்டோங் மாநிலத்தில் உள்ள லின்ச்சூ, இரைப்பைப் புற்று மிக அதிகமாக உள்ள வட்டாரம். பூண்டு, வெங்காய வகைகளை நிறையச் சாப்பிடுவோருக்கு இந்நோய் குறைவு என்று ஷாண்டோங்கில் நடந்த ஓர் ஆய்வு 1989-இல் சொன்னது. ஆனால் அவர்கள் வேறு வழிகளிலும் நல்ல உணவு உண்டவர்களாக இருக்கலாமே?

அதனால் 1995-இல் 3,365 கிராமத்தாரைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்தார்கள். கிருமி உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இரண்டு வாரம் கிருமிக்கொல்லி மருந்து. சிலருக்கு ஏழு ஆண்டுகளுக்கு மேல் பூண்டுச் சாறும் பூண்டு எண்ணெயும். சிலருக்கு வைட்டமின் சி, ஈ, செலினியம். மற்றவர்களுக்கு அதே தோற்றத்தில் போலி மாத்திரை. இரைப்பைக்குள் குழாய்க் கேமரா விட்டுச் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்தார்கள்.

2006-இல் முடிவு வந்தது. கிருமி மருந்து பலன் தந்தது. பூண்டும் வைட்டமினும் புற்றுக்கு முந்திய நிலைகளைக் குறைக்கவில்லை. "அவ்வளவுதான், பூண்டு கதை முடிஞ்சுது" என்றுதானே நினைப்போம்? ஆய்வாளர்கள் அதே மக்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 22 ஆண்டுக் கணக்கு 2019-இல் வெளியானது. கிருமி மருந்து பெற்றோரிடம் இரைப்பைப் புற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. வைட்டமின் குழுவிலும் புற்று குறைந்திருந்தது. பூண்டுக் குழுவில் இரைப்பைப் புற்றால் இறந்தோர் குறைவு. ஆனால் புற்று வருவதைப் பூண்டு தடுத்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சென்னையில் நடந்தது

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நமக்குப் பழக்கமான வைத்தியம். ஹெபடைடிஸ் பி கிருமி உடலில் நிலைத்துவிட்டால் அது கல்லீரல் புற்றில் கொண்டுபோய் விடலாம். சென்னையில் எஸ். பி. தியாகராஜன் குழுவினர், இக்கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பாரூக் புளும்பெர்க்குடன் சேர்ந்து கீழாநெல்லியைச் சோதித்தார்கள். 1988-இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. 30 நாள் மருந்து பெற்ற 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது.

உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் மறுபடி சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

சென்னையில் முதல் விடை 'ஆம்'. பிறகு அது நிலைக்கவில்லை. லின்ச்சூவில் முதல் விடை 'இல்லை'. பிறகு அதில் ஒரு பகுதி மாறியது. ஒரே சோதனையோடு தீர்ப்பு எழுதக்கூடாது என்பதை இரண்டும் காட்டுகின்றன.

மலேசியாவில் பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தின் உறையில் 'மால்' என்று தொடங்கி 'டி' எழுத்தில் முடியும் எண் இருக்கும். தரமும் பாதுகாப்பும் பார்க்கப்பட்டன என்பதே அதன் பொருள். நோயைக் குணமாக்கும் என்று மனிதரிடம் சோதித்த சான்றாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். வயிற்றுவலி விடாமல் இருந்தாலோ, எடை குறைந்தாலோ, மலம் கறுத்தாலோ உடனே கிளினிக்குக்குப் போங்கள். சாப்பிடும் நாட்டு மருந்தையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பாட்டிக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

வகுப்பில் பேச:
1. போலி மாத்திரை ஏன் தேவைப்பட்டது?
2. லின்ச்சூ ஆய்வை 2006-இலேயே நிறுத்தியிருந்தால் எதை இழந்திருப்போம்?
3. உங்கள் வீட்டு வைத்தியம் ஒன்றைச் சோதிக்க எப்படித் திட்டமிடுவீர்கள்?