மூன்று கேணிகள்

பெருநாள் லீவில் மாங்கேணியில் இரண்டு நாட்கள் தங்கியிருந்தோம். அஸர் தொழுதுவிட்டு, பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருக்க, நான் மட்டும் கடற்கரைக்கு நடந்தேன். மணற்பாதையில் வேகமாக நடக்கவும் முடியாது.

வாழைச்சேனையிலிருந்து வடக்கே செல்லும் திருகோணமலை வீதியில் மாங்கேணி, காயாங்கேணி, பனிச்சங்கேணி என மூன்று கேணிகள். மா, காயா, பனிச்சை மூன்றும் மரங்கள். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. இரண்டும் உப்பு. நடந்தும் வண்டி கட்டியும் போனவர்களுக்கு நல்ல தண்ணீர் எங்கே என்பதுதான் முதற் செய்தியாக இருந்திருக்கும். அதையே ஊருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள் என்று எண்ணுகிறேன்.

வழியில் ஒரு வளவுக்குள் வயதான பெண்ணொருவர் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். குடிக்கக் கேட்டேன். இனிப்பான தண்ணீர்.

"மழைத்தண்ணி தம்பி. கனக்க இறைச்சா உவராப் போயிரும்."

அவர் சொன்னது முழுச் சரி. மாரி மழை மணலுக்குள் இறங்கி, கீழேயுள்ள உப்பு நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறும். 2004 சுனாமிக்குப் பின் மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகளை அவசர அவசரமாக இறைத்துச் சுத்தம் செய்தபோது சில இடங்களில் நடந்தது அதுதான். உப்பைக் கழுவியது பிறகு பெய்த மழையே.

சுனாமி ஓய்ந்தும் கரைக்கு நிம்மதியில்லை. 2006இல் மாங்கேணியில் இராணுவ முகாம். வடக்கே வாகரைப் பக்கம் புலிகளின் பகுதி. முந்தியவர்கள் ஒரு கேணியில் தண்ணீர் குடித்து அடுத்த கேணிக்குப் போன வழி அடைபட்டது. அவ்வாண்டு நவம்பர் 8இல் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்தவர்கள்மீது எறிகணைகள் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் வசமானது. அதற்குமுன் காட்டாலும் நீராலும் தப்பி வந்த ஆயிரக்கணக்கானோர் வழியில் எந்தக் கேணியில் குடித்தார்களோ!

கடற்கரையில் இரண்டு தோணிகள், காயும் வலை, ஒரு நாய். காயாங்கேணிக் கடலை 2019இல் சரணாலயமாக்கினார்கள், பவளப்பாறைகளுக்காக. கரையின் கேணிகளை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

மஃரிபுக்குத் திரும்பினேன். தங்குமிடத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தாங்கி நிரம்பி, தண்ணீர் சுவர்வழியே மணலில் வழிந்துகொண்டிருந்தது. முதலில் அதை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் வுழூ செய்யப் போனேன்.